மகஜரை யாரிடம் கொடுப்பது?

காலை நிகழ்ச்சியில் தொலைபேசி இணைப்பைத் திறந்துவிட்டால் எனக்கு அதிகம் கேட்கும் சொல் "அரசாங்கம்". "அக்கா, எங்க வீட்டு முன்னால கால்வா அடைச்சி மூணு மாசமாச்சு. அரசாங்கம் கண்டுக்கவே மாட்டேங்குது." எந்த அரசாங்கம் என்று கேட்டால் மறுமுனையில் சின்னதாக ஒரு மௌனம். பிறகு வரும் பதில்: "எல்லாருந்தான்கா."

எல்லாரிடமும் கேட்டால் யாரிடமும் கேட்காத மாதிரிதான். நம் நாட்டில் இது இன்னும் சிக்கல். கிள்ளானில் வீட்டு முன்னால் இருக்கும் சிறு கால்வாய் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அது போய்ச் சேரும் ஆறு வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பு. குப்பை லாரி வரவில்லை என்றால் கோலாலம்பூரில் ஒரு நிறுவனம், கிள்ளானில் வேறொரு நிறுவனம். பள்ளத்தில் டயர் விழுந்த சாலை கூட்டரசுச் சாலையா, மாநிலச் சாலையா, மன்றத்தின் சாலையா என்பதைப் பொறுத்துப் புகார் போகும் மேசை மாறும். கிள்ளான் 2024 பிப்ரவரி 5ஆம் தேதி அரச மாநகரம் ஆகிவிட்டது. ஆனால் அந்த மன்றத்தில் உட்காரும் ஒருவரைக்கூட நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊராட்சித் தேர்தல் 1965ல் நிறுத்திவைக்கப்பட்டது, 1976 சட்டம் அதை அப்படியே முடித்துவைத்தது. மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசாங்கம். ஆகவே கால்வாய் விஷயத்தில் உண்மையிலேயே பயப்படக்கூடியவர் நம் ஓட்டை எதிர்பார்க்கும் சட்டமன்ற உறுப்பினர்தான். வேலையைச் செய்யவேண்டியவர் ஒருவர், அவரைச் செய்யவைக்கக்கூடியவர் இன்னொருவர். இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்ப்பதில்தான் எந்த ஒரு மக்கள் பிரசாரமும் தொடங்குகிறது.

ஊடகக் கல்வி படித்த நாளில் "இலக்கு நேயர்" என்று ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருவார்கள். வானொலியில் அது எத்தனை பெரிய கூட்டமோ அத்தனை நல்லது. உரிமைக்கான பிரசாரத்தில் கணக்கு தலைகீழ். சில சமயம் இலக்கு நேயர் ஒரே ஒரு ஆள். அவர் வானொலியே கேட்காதவராகவும் இருக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸில் நடந்ததை எடுத்துக்கொள்வோம்.

ஜாலான் துன் சம்பந்தனில் இருக்கும் விவேகானந்தா ஆசிரமம் 1904ல் எழுந்தது. இரயில்வே வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய வட்டாரம் அது. அந்த ஆசிரமத்தின் பெயரில் தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி என்று தலைமுறைகள் படித்து வெளியே வந்தார்கள். 2014ல் அந்த வளாகத்தில் இருபது மாடிக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்ற செய்தி வெளியானபோது பிரிக்பீல்ட்ஸ் மட்டும் அல்ல, பிரிக்பீல்ட்ஸை விட்டுப் போய்ப் பல வருடமானவர்களும் கொதித்தார்கள். கையெழுத்து வேட்டை நடந்தது. நாளிதழ்களில் கடிதங்கள் வந்தன.

ஆத்திரம் முதலில் பாய்வது மேம்பாட்டு நிறுவனத்தின்மேல்தான். அது இயல்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒப்பந்தத்தோடு வந்த ஒரு நிறுவனம், அந்தக் கட்டடத்தோடு எந்த உறவும் இல்லாத நிறுவனம், நம் கண்ணீரைப் பார்த்துத் திரும்பிப் போகுமா? அடுத்த வாசல் அறங்காவலர்கள். நிலம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. அவர்களுக்கும் ஒரு வாதம் இருந்தது: பழைய கட்டடம் அப்படியே நிற்கும், வரும் வருமானம் ஆசிரமத்தின் பணிகளுக்கு உதவும் என்றார்கள். இதைக் கேட்டு அவர்களைத் திட்டித் தீர்த்தவர்கள் உண்டு. பள்ளியையும் கட்டடத்தையும் நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமான கேள்விதான் என்பது என் எண்ணம். பாரம்பரியச் சின்னம் என்ற பலகை மாட்டிவிட்டால் மட்டும் கூரை ஒழுகாமல் இருக்காது. ஆனாலும் அந்த வாசல் மூடியே இருந்தது.

மூன்றாவது வாசல் கோலாலம்பூர் மாநகர் மன்றம். கட்டட அனுமதி அங்கேதான். ஆனால் கோலாலம்பூர் 1974லிருந்து கூட்டரசுப் பிரதேசம், அதற்குச் சட்டமன்றம் கிடையாது. 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மன்றத்தில் ஓட்டு இல்லை. டத்தோ பண்டார் நியமிக்கப்படுபவர். ஒய்.பி.யிடம் மகஜர் கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார், படம் எடுத்துக்கொள்வார், குரல் கொடுப்பார். முடிவு எடுப்பது அவர் கையில் இல்லை.

நான்காவது வாசலைக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பிரசாரத்தின் கெட்டிக்காரத்தனம். 2005ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம் பாரம்பரிய ஆணையர் என்று ஒரு பதவியை உருவாக்கியிருக்கிறது. ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. நிலத்தின் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தரவேண்டும், அவர் ஆட்சேபம் சொல்லலாம், விசாரணையும் நடக்கும். ஆனால் "எனக்கு இஷ்டமில்லை" என்ற ஒரே வார்த்தையால் அதைத் தடுக்க முடியாது. இடம் ஒரு மாநிலத்துக்குள் இருந்தால் மாநில அதிகாரத்தின் சம்மதமும் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்தில் இருப்பதால் அந்தத் தடையும் இல்லை. ஆணையர் அப்போது இருந்தது சுற்றுலா, கலாசார அமைச்சின் கீழ்.

2014 நவம்பரில் அந்த அமைச்சர் நஸ்ரி அஜிஸ், ஆசிரமம் பாரம்பரியத் தலமாக அரசிதழில் இடம்பெறும் என்று அறிவித்தார்.

அவர் ஏன் செவிசாய்த்தார்? என் கணிப்பு இது. 2010 அக்டோபரில் அப்போதைய இரண்டு பிரதமர்கள், நஜிப்பும் மன்மோகன் சிங்கும், பிரிக்பீல்ட்ஸை லிட்டல் இந்தியா என்று திறந்துவைத்திருந்தார்கள். சுற்றுப்பயணிகளுக்குக் காட்டவேண்டிய தெருவில் காட்டுவதற்கு என்று இருந்த ஒரு நூற்றாண்டுக் கட்டடத்தை இழப்பது சுற்றுலா அமைச்சருக்கு நஷ்டம். காப்பாற்றுவதில் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. மேம்பாட்டு நிறுவனத்துக்கும் அறங்காவலருக்கும் மாநகர் மன்றத்துக்கும் பின்வாங்கினால் நஷ்டம் இருந்தது. ஒரே கோரிக்கைதான், அதைக் கேட்டால் லாபம் அடையக்கூடிய ஆளிடம் கொண்டுபோனார்கள். அதே பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேக்காரர்கள் வாழ்ந்த நூறு குவார்ட்டர்ஸுக்கு அப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லை. அந்த வரிசை வீடுகள் இன்று இல்லை.

இந்த உத்தி நம் ஆள்களுக்குப் புதிது ஒன்றும் அல்ல. எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே பிரசாரம் என்ற பெயரெல்லாம் இல்லாமல் இதைச் செய்திருக்கிறார்கள்.

1936ல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது. தோட்டத் தொழிலாளியின் சம்பளம் அவர்கள் முன்னால் இருந்த பெரிய பிரச்சினை. தொரைமார்களிடம் கேட்டால் ரப்பர் விலையைக் காட்டுவார்கள். காலனி அரசாங்கத்திடம் கேட்டால் அது தொரைமார்கள் பக்கம் சாயும். தொழிலாளிக்கு ஓட்டு இல்லை. அப்படியென்றால் தொரைமார்கள் யாருக்கு அஞ்சினார்கள்? அவர்களுடைய தொழிலே தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் மலிவான உழைப்பை நம்பி நின்றது. அந்தக் குழாயின் திருகு டில்லியில் இருந்தது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், எந்த நாட்டுக்குத் தொழிலாளர் போகலாம், எந்த நிபந்தனையில் போகலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை இந்திய அரசாங்கத்துக்குக் கொடுத்திருந்தது. அதன் பிரதிநிதியாக ஓர் ஏஜெண்டும் மலாயாவில் இருந்தார். ஆகவே சங்கம் கோலாலம்பூரில் இருந்துகொண்டே டில்லியோடு பேசியது.

1936 கடைசியில் சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். அவர் அறிக்கை போதாது என்று சங்கம் குறைபட்டுக்கொண்டது, ஆனால் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய தினச் சம்பளம் திரும்ப வந்தது. 1938ல் தோட்ட முதலாளிகள் அதை 45, 36 என்று வெட்டினார்கள். அந்த ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. தோட்டத்தில் ஒரு கல்லும் எறியப்படவில்லை. முதலாளிகளுக்கு வலித்த இடம் வேறு.

ஆனால் ஒரு திருகை ஒரு முறைதான் மூட முடியும். மூடிய பிறகு டில்லியின் கையில் அதே அளவு பலமான ஆயுதம் மிச்சமில்லை. 1941ல் கிள்ளானில் நடந்ததைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பல விஷயம் புரியும்.

போர்க்காலம். ரப்பர் பிரிட்டனுக்கு உயிர். விலைவாசி ஏறியது, சம்பளம் ஏறவில்லை. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் போன்றவர்களின் முயற்சியில் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. அவர்கள் வைத்த கோரிக்கைகளை வாசித்தால் இன்றைக்கும் உடம்பு கூசும். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம். அடித்து மிரட்டும் கிராணிகளையும் டிரஸர்களையும் நீக்குவது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான தமிழ்க் கல்வி. பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துவது. கள்ளுக்கடைகளை மூடுவது. உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் சுதந்திரம். சங்கம் அமைக்கும் உரிமை. தொரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது.

அந்த சைக்கிளைக் கொஞ்சம் பாருங்கள். அந்தக் கோரிக்கைக்கு யார் இலக்கு? அந்தந்தத் தோட்டத்துத் தொரை ஒருவரே போதும், ஒரு பைசா செலவில்லை. சம்பளம் அப்படி அல்ல. ஒரு தொரை நினைத்தாலும் தனியாக ஏற்ற முடியாது, தோட்ட முதலாளிகளின் சங்கம் சேர்ந்து முடிவெடுக்கும். கள்ளுக்கடை என்றால் அரசாங்க வருமானத்தில் கைவைக்கும் விஷயம். சங்க உரிமை சட்டம் சம்பந்தப்பட்டது. பள்ளிக்கூடம் முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில். ஒரே தாளில் எழுதிய கோரிக்கைகளுக்கு நான்கைந்து வெவ்வேறு முகவரிகள்! மார்ச், ஏப்ரலில் நடந்த முதல் கட்டத்தில் சம்பளம் கொஞ்சம் ஏறியது, ஏனென்றால் ரப்பர் தேவைப்பட்ட நேரம் அது. மரியாதை, உரிமை பற்றியவை அப்படியே கிடந்தன. மே 5ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் கிள்ளானுக்குத் திரண்டார்கள். மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது, இந்தியச் சிப்பாய்களே வந்தார்கள். ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

தோற்றது தொழிலாளியின் துணிச்சலால் அல்ல. முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவருக்கு அப்போது அவர்கள் குரலைக் கேட்கவேண்டிய நிர்ப்பந்தம் ஒன்றும் மிச்சமில்லை. டில்லியின் திருகு ஏற்கெனவே மூடியாகிவிட்டது. இலண்டனுக்கோ ரப்பர் வேண்டும், அமைதி வேண்டும், எந்த வழியிலாவது.

முடிவெடுப்பவரை மாற்றவே முடியாது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கும் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கு இதற்குச் சரியான பாடம். 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கரில் உயரமான ஆடம்பரக் குடியிருப்புகள் கட்ட 2017 ஜூலையில் டத்தோ பண்டார் அனுமதி கொடுத்தார். திட்டத்தில் ஓர் அறவாரியம் பங்காளி. அந்த அறவாரியத்தின் வாரியத்தில் டத்தோ பண்டாரும் உறுப்பினர். கேட்பவரும் அவரே, கொடுப்பவரும் அவரே என்றால் ஆயிரம் மகஜர் கொடுத்தும் பயனில்லை. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2018ல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள், 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அந்த அனுமதி செல்லாது என்றது. இரு பக்கமும் கால் வைத்திருந்த நலன் முரண்பாடு அந்தத் தீர்ப்பின் முக்கியப் புள்ளிகளில் ஒன்று.

நம் வாசகர்கள் இதை வெறும் பணக்காரத் தாமான்காரர்களின் பூங்கா விவகாரமாகப் பார்த்திருக்கலாம். அங்கேதான் நம்மவர்கள் இருக்கிறார்கள். புக்கிட் கியாரா தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பங்கள், தோட்டம் கையகப்படுத்தப்பட்ட பிறகு, 1980களின் தொடக்கத்தில் ரூமா பாஞ்சாங் எனும் வரிசை வீடுகளில் தற்காலிகமாகக் குடிவைக்கப்பட்டார்கள். நிரந்தர வீடு வரும் என்றார்கள். தற்காலிகம் என்ற சொல் நாற்பது வருடம் நீண்டது. அந்த ஆடம்பரத் திட்டத்தில் அவர்களுக்கென்று ஒரு மலிவு விலைக் கட்டடமும் சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் அவர்களுடைய சங்கம் திட்டத்தின் பக்கம் நின்றது. யார் குறை சொல்ல முடியும்?

இங்கே அந்தக் குடும்பங்கள் முடிவெடுப்பவர்கள் அல்ல, எதிரிகளும் அல்ல. ஆனால் திட்டத்துக்கு அறத்தின் முகம் அவர்கள்தான். பூங்காவைக் காக்க நினைத்தவர்களைப் பார்த்து "ஏழைகளுக்கு வீடு கிடைப்பதைத் தடுக்கிறீர்களா" என்ற கேள்வி வந்தது. பூங்காவை அழிக்காமல், ரூமா பாஞ்சாங் இருக்கும் நிலத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டிக்கொடுங்கள் என்று குடியிருப்பாளர்கள் மாற்று யோசனை வைத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் நாற்பது வருடம் வாக்குறுதியில் வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு யோசனை எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். கையில் கிடைக்கும் சாவிக்கும் காகிதத்தில் வரும் யோசனைக்கும் உள்ள வித்தியாசம் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். எந்தப் பிரசாரத்திலும் வரைபடம் போடும்போது நம் பக்கம், அவர்கள் பக்கம் என்று கோடு கிழித்துவிடுகிறோம். நடுவில் நிற்பவர்களோடு உட்கார்ந்து பேச மட்டும் நேரம் கிடைப்பதில்லை.

நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்பதை மறந்து புத்ராஜெயாவுக்கு ஓடுபவர்களும் உண்டு. கோலா லங்காட் உத்தாரா வனப்பகுதியைக் காத்தவர்கள் அதில் தெளிவாக இருந்தார்கள். 45,000க்கும் மேற்பட்ட ஆட்சேபக் கடிதங்கள் மாநில வன இலாகாவுக்குப் போயின. காப்பு வனத் தகுதி நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2021 ஆகஸ்ட் 30ஆம் தேதி வெளிவந்ததும், ஷா ஆலமில் ஆளும் கூட்டணியின் சொந்தச் சட்டமன்ற உறுப்பினர்களே கேள்வி கேட்கும்படி ஆனது. செப்டம்பர் 8ஆம் தேதி மந்திரி பெசார் அமிருடின் ஷாரி முடிவை ரத்து செய்வதாக அறிவித்தார். எதிர்க்கட்சி கத்துவதைவிடத் தன் கட்சிக்காரர் முகம் சுளிப்பது ஒரு மந்திரி பெசாருக்கு அதிகம் உறைக்கும்.

சில நேரம் கணக்கு இன்னும் நுணுக்கம். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டுப் போராடினார்கள். பதிவிலாகா முகப்பில் இருக்கும் அதிகாரியைத் திட்டிப் பயனில்லை, அவர் அரசியலமைப்பைத்தான் படித்துக்காட்டுவார். 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் தோற்றார்கள். கடைசியில் அரசியலமைப்பையே திருத்தவேண்டியதாயிற்று. அதற்கு மக்களவையில் 222ல் 148 ஓட்டு வேண்டும், ஆட்சியாளர்கள் மன்றத்தின் சம்மதமும் வேண்டும். ஆக, இலக்கு ஒரு அமைச்சர் அல்ல, 148 தனித்தனி மனிதர்கள். அதே திருத்தத்தோடு கைவிடப்பட்ட குழந்தைகளின் உரிமையைப் பறிக்கும் பிரிவுகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. சிவப்பு அடையாள அட்டையின் வலி தெரிந்த நம் சமூகத்துக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை. இயக்கங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தன. 2024 மார்ச்சில் அந்தப் பிரிவுகளில் சில கைவிடப்பட்டன. திருத்தம் அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது.

ஆலய நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தாமான் குடியிருப்பாளர் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் நீங்கள் இருந்தால் அடுத்த கூட்டத்தில் ஒரு தாளை எடுங்கள். தமிழ்ப்பள்ளிக்கு ஒரு கூடுதல் கட்டடம் வேண்டும் என்று வையுங்கள். கட்டட நிதி கல்வி அமைச்சு, அது புத்ராஜெயா. நிலம் தோட்டக் கம்பெனியுடையது என்றால் கம்பெனியின் இயக்குநர் வாரியம். மாநில நிலம் என்றால் மாவட்ட நில அலுவலகமும் ஆட்சிக்குழுவும். கட்டட வரைபடம் மன்றம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் யார் பேச்சைக் கேட்பார் என்று எழுதுங்கள். முன்னாள் மாணவர் ஒருவர் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கலாம், தலைமையாசிரியரின் பழைய வகுப்புத் தோழர் கல்வி இலாகாவில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் நூறு பேருக்கு அனுப்பும் செய்தியைவிட அந்த ஒரு தொலைபேசி அழைப்பு தூரம் போகும்.

தேதியையும் எழுதுங்கள். கூட்டரசு வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் வரும், சிலாங்கூருடையது நவம்பரில். பட்டியல் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தயாராகிவிடும். டிசம்பரில் மாலையோடு போய் மகஜர் கொடுக்கும் குழுவை எல்லா அலுவலகத்திலும் மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார்கள். ஜூன் மாதம் போன குழுவின் பள்ளிக்கூடப் பெயர் அதற்குள் கோப்பில் ஏறியிருக்கும்.